‘ஜொன்வொன் இல்கி’ தொடரின் சாப்பாட்டுக் காட்சிகளில் ஏன் இரண்டு மேசைகள்?

மருதநிலம் கேட்டது:

கொரிய மொழி கற்பதற்காகப் பழைய தொடர்களைப் பார்த்து வருகிறேன். இப்போது எம்பிசி தொலைக்காட்சியில் 1980 அக்டோபர் முதல் 2002 டிசம்பர் வரை 1,088 பகுதிகளாக வந்த ‘ஜொன்வொன் இல்கி’ என்ற தொடரில் இருக்கிறேன். அதன் பெயரை ‘நாட்டுப்புற நாட்குறிப்பு’ என்று புரிந்துகொள்ளலாம். யாங்சொன்-ரி என்ற கற்பனைக் கிராமத்தில் ‘தலைவர் கிம்’ என்று ஊரார் அழைக்கும் பெரியவரின் கூட்டுக் குடும்பமும், அண்டை வீட்டு இல்-யொங்கின் சிறு குடும்பமும், அவர்களைச் சுற்றியுள்ள ஊரும்தான் கதை. கொலையோ பழிவாங்கலோ இல்லாத இந்தத் தொடரில் பகுதி தவறாமல் இருப்பது சாப்பாடு ஒன்றுதான்.

என் ஐயம் அந்தச் சாப்பாட்டைப் பற்றியது. பெரிய வீட்டில் பாட்டியும் தலைவரும் மகன்களும் ஒரு குட்டை மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்க, தலைவரின் மனைவியும் மருமகள்களும் பிள்ளைகளும் அதே அறையில் இன்னொரு மேசையில் உட்கார்ந்திருப்பதைப் பல காட்சிகளில் பார்க்கிறேன். கிம் ஹ்யே-ஜா நடிக்கும் அந்தத் தாய், கறியை எடுத்து வைப்பதையும் சூப்பை ஊற்றுவதையும் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். நிதானமாக உட்கார்ந்து ஒரு கிண்ணம் சோறு முழுவதையும் உண்பதை மிக அரிதாகத்தான் பார்க்க முடிகிறது. இது அந்தக் காலத்துக் கொரிய கிராம வீடுகளில் உண்மையாகவே இருந்த வழக்கமா, இல்லை, நடிகர்கள் எல்லோரையும் ஒரே சட்டகத்துக்குள் அடக்க இயக்குநர் செய்த ஏற்பாடா? ‘நம் ஊர் போலவே இருக்கிறது’ என்று என் தோழி ஒரே வரியில் முடித்துவிட்டாள். எனக்கு அந்த விடை போதவில்லை.

—

ஜொன்ஜூவாசி பதில்:

மருதநிலம் அவர்களுக்கு வணக்கம். வேலை நிமித்தம் சில ஆண்டுகளாகக் கொரியாவின் ஜொன்ஜூ நகரில் வசிக்கிறேன். இங்குள்ள மூத்தவர்களோடு இத்தொடரைப் பற்றிப் பேசியதுண்டு. வழக்கம் உண்மையானது. அதன் காரணத்தைத் தேடுவதற்கு நல்ல இடம் கன்பூசிய நெறி நூல்களைவிட அந்த வீட்டின் சமையலறைத் தரை என்பது என் எண்ணம்.

பழைய கொரிய வீட்டில் சமையலறை மற்ற அறைகளைவிடத் தாழ்வாக இருக்கும். அடுப்பில் எரியும் தீயின் புகையும் வெப்பமும் பக்கத்து அறையின் தரைக்கு அடியிலுள்ள கற்பாதைகள் வழியே சென்று அந்த அறையைச் சூடாக்கியாக வேண்டும்; ‘ஓண்டோல்’ என்ற இந்த அமைப்பு வேலை செய்ய அடுப்பு வாய் அறைத் தரைக்குக் கீழே இருப்பது கட்டாயம். ஆகவே சோறாக்கும் பெண் ஒரு பள்ளத்தில், மண் தரையில், செருப்புக் காலோடு நிற்கிறாள். உண்பவர்கள் அவளுக்கு மேலே, கதகதப்பான தரையில் அமர்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு வாசற்படி. சோறு, சூப், கிம்ச்சி என்ற காரமான காய்கறி ஊறுகாய், பக்கக் கறிகள் எல்லாவற்றையும் கால் வைத்த சிறு மேசையில் சமையலறையிலேயே அடுக்கி, சூப் சிந்தாமல் அந்த மேசையையே இரு கைகளால் தூக்கி, படியேறி, அறைக்குள் கொண்டுபோய் வைப்பதுதான் பரிமாறுதல். நாம் பார்க்கும் சாப்பாட்டு மேசை அறையில் நிரந்தரமாகக் கிடக்கும் பொருள் இல்லை. ஒவ்வொரு வேளையும் உள்ளே வந்து, முடிந்ததும் வெளியே போவது. ‘சோபான்’ எனப்படும் இந்த மேசைகள் ஒரு பெண் தனியாகத் தூக்கக்கூடிய அகலத்தில், எடை குறைவாகச் செய்யப்பட்டவை. ஆக, பத்துப் பேர் இருக்கும் வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட மேசை தேவைப்படுவது இயல்பு.

இரண்டு மேசை வந்துவிட்டால் யார் எதில் அமர்வது என்ற கேள்வி எழும். நெறி நூல்களுக்கு வேலை அங்கேதான். வீட்டின் மூத்தவருக்குத் தனி மேசை வைப்பது மேல்தட்டு வீடுகளில் மரபு. தாத்தாவோடு பேரன் சேர்ந்து உண்ணலாம். மாமனாரோடு மருமகள் ஒரே மேசையில் உண்பது கூச்சத்துக்குரியது. மூத்தவர் கரண்டியை எடுத்த பிறகே மற்றவர்கள் எடுக்கலாம், அவர் வைக்கும் முன் எழக் கூடாது. தொடரில் பாட்டியாக வரும் ஜொங் ஏ-ரான் கரண்டியை எடுக்கும் கணத்துக்காக மற்றவர்கள் ஓர் இமைப்பொழுது காத்திருப்பதைக் கவனித்துப் பாருங்கள். யாரும் அதை வசனமாகச் சொல்வதில்லை.

உங்கள் தோழியின் ‘நம் ஊர் போலவே’ என்பதில் பாதிதான் சரி. நம் பழைய வீடுகளில் வழக்கம் பந்தி முறை: ஆண்கள் உண்டு எழுந்த பிறகு பெண்கள் உண்பார்கள், அதாவது பிரிவு நேரத்தில். கொரிய வீட்டில் பெரும்பாலும் எல்லோரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் உண்கிறார்கள், பிரிவு இடத்தில். அதே சமயம் மேல்தட்டு வீடுகளில் பெரியவரின் மேசையில் மிஞ்சிய கறிகள் அடுத்த நிலையில் இருப்பவர்களுக்கு இறங்கி வரும் வழக்கமும் இருந்தது. அதனால்தான் பெரியவர் நல்ல மீன் துண்டைத் தொடாமல் விடுவது ஒரு பண்பாகக் கருதப்பட்டது. தலைவர் கிம் ஒரு மீனின் ஒரு பக்கத்தை மட்டும் உண்டு நிறுத்துவதைப் பார்த்தால் பசியில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

அந்தத் தாய் உண்பதைக் காண முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சமையலறைப் பள்ளத்திலேயே, அடுப்பு விளிம்பில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, சட்டியின் அடியில் பிடித்த காந்தல் சோற்றில் வெந்நீர் ஊற்றி உண்டு முடிக்கும் பெண்கள் அந்தத் தலைமுறையில் ஏராளம். இன்று எழுபதைத் தாண்டிய பெண்களிடம் இதைப் பற்றிக் கேட்டால் குறையாகச் சொல்பவர்களும் உண்டு. ‘அங்கே மாமியார் கண் படாமல் நிம்மதியாகச் சாப்பிட்டேன்’ என்று சிரிப்பவர்களும் உண்டு.

—

படத்தொகுப்பாளர் பதில்:

ஜொன்ஜூவாசி எழுதியதை மறுக்கவில்லை. ஆனால் கேள்வியின் இரண்டாம் பாதியைத் தொழில் தெரிந்தவர் என்ற முறையில் எடுத்துக்கொள்கிறேன். நான் சென்னையில் தொலைக்காட்சித் தொடர்களின் படத்தொகுப்பில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன்.

பத்துப் பேர் ஒரே மேசையில் உண்ணும் காட்சியைப் போலத் தொல்லை தரும் காட்சி வேறில்லை. வட்டமாக உட்கார்ந்தால் பாதிப் பேரின் முதுகுதான் தெரியும். எனவே உலகம் முழுவதும் குடும்பத் தொடர்களில் மேசையின் ஒரு பக்கம் காலியாக விடப்படும். பார்ப்பவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. இரண்டு குட்டை மேசைகள் என்பது இந்தச் சிக்கலுக்கு வழக்கமே கொண்டுவந்து கொடுத்த தீர்வு. முன்னால் ஒரு மேசை, பின்னால் சற்றுத் தள்ளி இன்னொன்று. தரையில் அமர்ந்திருப்பதால் பின்னால் இருப்பவரின் முகத்தை முன்னால் இருப்பவரின் தலை மறைக்காதபடி கேமராவைச் சற்று உயர்த்தினால் போதும். ஒரு மேசையில் தகப்பன் ஒன்று சொல்ல, மறு மேசையில் மருமகள்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதை வெட்டே இல்லாமல் காட்டிவிடலாம். ஆகவே ‘வழக்கமா, ஏற்பாடா’ என்று பிரித்துக் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. வாரம் ஒன்று என்ற வேகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் எடுத்த குழுவுக்கு, உண்மையும் வசதியும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்த அதிர்ஷ்டம் அது.

வாய் நிறையச் சோறு இருக்கும்போது நடிகரால் வசனம் பேச முடியாது. ஒரு காட்சியை மறுபடி எடுத்தால் கிண்ணத்தில் சோற்றின் அளவு பழையபடி இருக்க வேண்டும். எனவே அதிகம் பேசுபவர் குறைவாக உண்பார், அல்லது உண்பது போல் கரண்டியை அசைப்பார். இந்தத் தொடரில் தாய் எழுந்து போவதும் வருவதுமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஊகிக்கிறேன். நடந்துகொண்டே பேசும் ஒருவர் இருந்தால் காட்சி தேங்காது.

இன்னொன்று. கொரியாவில் வண்ண ஒளிபரப்பு 1980 டிசம்பரில்தான் தொடங்கியது. இத்தொடரோ அதே ஆண்டு அக்டோபரில் வந்துவிட்டது. முதல் சில வாரங்கள் நேயர்கள் பார்த்த கிம்ச்சி சாம்பல் நிறம்தான்! மிளகாய்ச் சிவப்பு மேசைக்கு வந்த பிறகு சாப்பாட்டுக் காட்சியின் ஈர்ப்பே மாறியிருக்கும்.

—

நெல்வயல் பதில்:

மேசையைப் பற்றிப் பேசிவிட்டீர்கள். கிண்ணத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. வேளாண் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்குக் கண் அங்கேதான் போகும்.

தொடரின் தொடக்கப் பகுதிகளில் சோற்றுக் கிண்ணத்தின் அளவைப் பாருங்கள். கோபுரமாகக் குவித்த சோறு. கொரியாவில் 1980-இல் ஆளொருவர் ஆண்டுக்கு உண்ட அரிசி ஏறத்தாழ 132 கிலோ. தொடர் முடிந்த 2002-இல் அது 87 கிலோவாகிவிட்டது. 2023-இல் 56 கிலோவுக்குச் சற்று மேல். இருபத்திரண்டு ஆண்டுகளில் அந்தக் குடும்பத்தின் கிண்ணத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு சோறு போய், அந்த இடத்தில் இறைச்சியும் ரொட்டியும் வந்துவிட்டன. அந்தக் காட்சிகளைப் பார்த்து இன்றைய கொரிய இளைஞர்கள் வியப்பதற்கு, வரிசை முறையைவிடச் சோற்றின் குவியலே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்தக் குவியலும் புதிதாக வந்த செல்வம்தான். 1960-களிலும் 70-களிலும் அரிசிப் பற்றாக்குறையால் வாற்கோதுமை கலந்து உண்ணும்படி அரசு வற்புறுத்தியது. பள்ளிகளில் பிள்ளைகளின் மதிய உணவுப் பெட்டியைத் திறந்து, கலந்திருக்கிறதா என்று ஆசிரியர்கள் பார்த்தார்கள். அரிசியில் ‘மக்கொல்லி’ என்ற நாட்டு மது செய்வதற்குத் தடை இருந்து 1977-இல்தான் நீங்கியது. அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது ‘தோங்கில்’ என்ற நெல் ரகம். அதன் பெற்றோரில் ஒன்று, நம் தஞ்சை டெல்டாவில் 60-களின் கடைசியில் பயிரிட்ட அதே ஐஆர் 8. விளைச்சல் ஏராளம், ஆனால் பசை குறைந்த அந்தச் சோறு கொரிய நாக்குக்குப் பிடிக்கவில்லை. குளிரும் அதற்கு ஆகாது. 1980 கோடையில் வழக்கத்துக்கு மாறான குளிர் அடித்தபோது நாட்டின் நெல் விளைச்சல் முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்குக்குமேல் வீழ்ந்தது. தொடர் தொடங்கியது அந்த ஆண்டின் அறுவடைக் காலத்தில்! நாடே அரிசியை இறக்குமதி செய்துகொண்டிருந்தபோது, திரையில் ஒரு விவசாயி நிறைந்த கிண்ணத்தின் முன் அமர்ந்தார். நகரத்துக்குக் குடிபெயர்ந்து, சொந்த ஊரை நினைத்து ஏங்கிக்கொண்டிருந்த ஒரு தலைமுறைக்கு அந்தக் காட்சி எவ்வளவு தேவையாக இருந்திருக்கும் என்பதை உணர இந்தப் பின்னணி தெரிய வேண்டும்.

வயலுக்கு வரும் இடைவேளை உணவையும் விட்டுவிடாதீர்கள். நடவு நாளில் துணியால் மூடிய அகலத் தட்டைத் தலையில் சுமந்து பெண்கள் வரப்பில் நடந்து வருவார்கள். வேலை செய்பவர் அனைவரும் வரப்பு ஓரத்தில் சுற்றி அமர்ந்து உண்பார்கள். அங்கே மேசை கிடையாது, ஆகவே வீட்டுக்குள் இருக்கும் பிரிவும் தளர்ந்துவிடும்.

—

மருதநிலம் மீண்டும் எழுதியது:

மூவருக்கும் நன்றி. சமையலறை பள்ளத்தில் இருந்தது என்ற செய்தி, நான் பார்த்த எத்தனையோ காட்சிகளைப் புதிதாகப் பார்க்க வைத்துவிட்டது. மருமகளாக வரும் கோ தூ-ஷிம் மேசையைத் தூக்கிக்கொண்டு நுழையும்போது ஒரு கணம் குனிந்து நிமிர்வது ஏன் என்று இப்போது புரிகிறது.

ஒரு துணைக் கேள்வி. கொரிய நேயர்கள் இந்தக் காட்சிகளை ஏக்கத்தோடு நினைவுகூர்கிறார்கள் என்றால், அந்த மருமகளின் இடத்தில் இருந்த பெண்களுமா அப்படி நினைக்கிறார்கள்?

—

ஜொன்ஜூவாசி பதில்:

இருவகையினரையும் சந்தித்திருக்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லலாம்: இரண்டு மேசை வழக்கத்தைக் கரைத்ததில் யாருடைய வாதத்தைவிடவும் அடுக்குமாடி வீட்டுக்குப் பங்கு அதிகம். சமையலறை தரைமட்டத்துக்கு ஏறி, வரவேற்பறையோடு சேர்ந்து, நாற்காலி போட்ட நிலையான மேசை வந்ததும், தூக்கிச் செல்ல எதுவும் இல்லாமல் போயிற்று. கிராமங்களிலும் 1970-களில் அரசு நடத்திய ‘புதுக் கிராம இயக்கம்’ என்ற ஊர் மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகு நின்றுகொண்டு சமைக்கும் சமையலறைகள் மெல்ல வந்தன.

பெண்கள் ஏக்கத்தோடு சொல்வது பெரும்பாலும் வேறொரு பழக்கத்தைப் பற்றி. வீட்டுக்கு வரத் தாமதமாகும் மகனுக்கோ கணவனுக்கோ மூடியிட்ட கிண்ணத்தில் சோற்றை வைத்து, தரையின் மிகச் சூடான மூலையில் மெத்தைக்கு அடியில் பொதிந்து வைப்பார்கள். தொடரிலும் இது வரும். மின்சாரச் சோற்றுப் பானை சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தொடங்கியதும் அது போய்விட்டது. அந்தக் கிண்ணத்தை வைத்தவளுக்கு யாரேனும் வைத்தார்களா என்று கேட்டால் அவர்களிடமே விடை இருக்காது.

—

திரைப்பித்தன் பதில்:

தாமதமாக வருகிறேன். மருதநிலம் அம்மாவின் துணைக் கேள்விக்கு நடிகர்களின் பின்வாழ்வு ஒரு வகையில் விடை சொல்கிறது.

உண்ணாமல் பரிமாறிக்கொண்டே இருந்த அந்தத் தாய், கிம் ஹ்யே-ஜா, 1975-இல் சந்தைக்கு வந்த ‘தாசிதா’ என்ற சூப் சுவையூட்டித் தூளின் விளம்பர முகமாகக் கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்தார். ‘ஆமாம், இந்தச் சுவைதான்’ என்று அவர் சொல்லும் வரி அந்நாட்டில் பழமொழி அளவுக்குப் பரவியது. எலும்பையும் நெத்திலியையும் மணிக்கணக்கில் கொதிக்கவைத்து எடுக்கும் சாற்றுக்குப் பதிலாக ஒரு தேக்கரண்டித் தூள்! சொந்த ஊர்ச் சுவைக்கு உருவம் கொடுத்தவரே அந்த உழைப்பிலிருந்து பெண்களை விடுவிக்கும் பொட்டலத்தையும் விற்றார் என்பதை முரண் என்று கேலி செய்பவர்கள் உண்டு. எனக்கு அது முரணாகத் தோன்றவில்லை. ஊரில் தாய் சமைத்த சூப்பை நினைத்து ஏங்கியவளுக்கும் ஆலை வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பியவளுக்கும் ஒரே பெண்ணின் முகம்தான் இருந்தது.

இல்-யொங்கின் தாயாக, ஏறத்தாழ முப்பது வயதிலேயே கிழவி வேடம் கட்டிய கிம் சூ-மி, 2018-இல் தொடங்கிய ஒரு நிகழ்ச்சியில் தொழில்முறை ஆண் சமையல்காரர்கள் மூவருக்குப் பக்கக் கறிகள் செய்யக் கற்றுக்கொடுத்தார். அளவு கேட்டால் கையைக் காட்டி ‘இவ்வளவு’ என்பார். கிராம் கணக்கில் பழகிய அவர்கள் திணறுவதுதான் நிகழ்ச்சியின் வேடிக்கை. 2022-இல் பழைய நடிகர்கள் ஒரு கிராமத்து வீட்டில் மீண்டும் கூடிய நிகழ்ச்சியிலும் அவர் அடுப்பருகில்தான் இருந்தார். 2024 அக்டோபரில் காலமானார்.

தலைவர் கிம்மாக முதல் மேசையில் அமர்ந்த சோய் புல்-ஆம் கதைதான் எனக்கு இவற்றில் சுவையானது. 2011 முதல் 2025 வரை கேபிஎஸ் தொலைக்காட்சியில் ‘கொரியர்களின் சாப்பாட்டு மேசை’ என்ற ஆவண நிகழ்ச்சியைத் தொகுத்தளித்தார். மலைக் கிராமம், தீவு, சந்தை என்று நாடு முழுவதும் சென்று, அந்தந்த ஊரின் உணவை யார் எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்பதே வேலை. விடை சொல்பவர்கள் பெரும்பாலும் அவர் வயதை ஒட்டிய பாட்டிமார்கள். எந்தக் கீரையை எந்த மாதம் பறிப்பது, மாமியார் எதை மறைத்து வைத்தார், பஞ்சத்தில் எதைக் கலந்து சோற்றைப் பெருக்கினார்கள் என்றெல்லாம் அவர்கள் பேசப் பேச, அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார். தொடரில் பின்மேசையிலும் சமையலறைப் பள்ளத்திலும் இருந்துவிட்டதால் வசனம் கிடைக்காத பெண்கள், முன்மேசைக்காரரே வந்து கேட்டபோது பேசினார்கள் என்று எனக்குத் தோன்றும். அம்மா கொரிய மொழி கற்பதாக எழுதியிருக்கிறார். வட்டார வழக்கு சற்றுக் கடினமாக இருந்தாலும், ‘ஜொன்வொன் இல்கி’யோடு சேர்த்து அந்த நிகழ்ச்சியின் சில பகுதிகளையும் பார்ப்பது பயன் தரும். கடலோர ஊர்களைப் பற்றிய பகுதிகளில் தொடங்குங்கள். அங்கே பாட்டிமார் வேகமாகப் பேசினாலும் சொல்வதையெல்லாம் கையில் எடுத்துக் காட்டிவிடுகிறார்கள்.